மகன் பேசினான்... விருந்து நிக்கல! 'ஃபெஸ்டன்' இன்னைக்கும் உறுத்துவது ஏன்?

அப்பாவுக்கு 60-வது பிறந்தநாள். குடும்பத்துக்குச் சொந்தமான ஹோட்டல், நீளமான டேபிள், கோட் சூட்டில் சொந்தபந்தம். மூத்த மகன் கிறிஸ்டியன் எழுந்து நிற்கிறான். பச்சை, மஞ்சள் என ரெண்டு உரைகள் வச்சிருக்கான். எதைப் படிக்கலாம்னு அப்பாவையே கேட்க, அவர் பச்சையைத் தேர்ந்தெடுக்கிறார். சின்ன வயசுல தன்னையும் தன் இரட்டைச் சகோதரி லிண்டாவையும் அப்பா பாலியல் வன்கொடுமை செய்தார் என்பதுதான் அந்த உரை. லிண்டா இப்போது உயிரோடு இல்லை. சமீபத்தில்தான் தற்கொலை செய்துகொண்டாள்.

தாமஸ் வின்டர்பெர்க் இயக்கி 1998-ல் வந்த டேனிஷ் படம் 'ஃபெஸ்டன்'. கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கியது. 'டாக்மே 95' இயக்கத்தின் முதல் படமும் இதுதான். கையில் பிடித்த வீடியோ கேமரா, தனியா லைட்டிங் கிடையாது, பின்னணி இசை கிடையாது. அதனால் யாரோ எடுத்த ஃபேமிலி வீடியோவைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

(இனி ஸ்பாய்லர் உண்டு!)

வில்லன் அப்பா மட்டும்தானா?

குற்றவாளி அப்பா ஹெல்கேதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால், இந்தப் படத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது விருந்தாளிகள்தான். மகன் சொல்லி முடிக்கிறான். சில நொடி சங்கடம். அப்புறம் அடுத்த அயிட்டம் வருது, விருந்து தொடருது! அம்மா எழுந்து, பையனுக்குச் சின்ன வயசிலிருந்தே கற்பனை அதிகம் என்கிறார். தம்பி மைக்கேல் அண்ணனை வெளியே இழுத்துப்போய் மரத்தில் கட்டுகிறான். சமையல்காரர் கிம் ஆளனுப்பி கார் சாவிகளை ஒளித்துவைத்ததால்தான் விருந்தாளிகள் கிளம்ப முடியாமல் இருக்கிறார்கள்.

வீட்டு விஷயத்தை இப்படியா சபையில் பேசுவது, தனியா பேசியிருக்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். யாரிடம் பேசுவது? அன்று நடந்ததை அம்மா நேரில் பார்த்தவர் என்கிறான் கிறிஸ்டியன். பார்த்தும் அவர் எதுவும் செய்யவில்லை. இன்னொரு சகோதரி ஹெலேன், லிண்டா எழுதிவைத்த கடிதத்தைப் படித்தவள். அவளே முதலில் அண்ணன் சொல்வது உண்மையில்லை என்கிறாள்.

கடைசியில் ஹெலேன் அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்த பிறகுதான் டேபிள் அமைதியாகிறது. யோசிச்சுப் பாருங்க. உயிரோடு முன்னால் நிற்கிற மகன் எத்தனை முறை சொன்னாலும் நம்பாத கூட்டம், இறந்துபோன மகளின் கடிதத்தை நம்புகிறது. பாதிக்கப்பட்டவர் செத்தால்தான் சாட்சியாவாரா?

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" இதுதான் இப்படிப்பட்ட விஷயங்களில் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி. அதற்கான பதிலைத்தான் ஒன்றே முக்கால் மணி நேரம் காட்டுகிறது 'ஃபெஸ்டன்'. சொன்னா என்ன ஆகும்னு அந்தக் குழந்தைக்கு அன்னைக்கே தெரியும். அடுத்த முறை அந்தக் கேள்வி நாக்கு நுனிக்கு வந்தால், கொஞ்சம் மாத்திக் கேட்போம்: சொல்லியிருந்தா, நாம கேட்டிருப்போமா?