அளமும் ஒரு பள்ளியே!

உப்பு விளையும் ஊரில் பிறந்த பிள்ளை, உப்பு எவ்வாறு விளைகின்றது என்பதைப் பாடநூலின் ஒரு பத்தியில் படித்து நெட்டுருப் போடுகின்றது. ‘சோடியம் குளோரைடு’ என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுகின்றது. அதன் தாயோ விடியுமுன் எழுந்து அளத்திற்குச் சென்று, வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையில் குவித்து, காலில் உப்புநீர்ப் புண்ணோடு வீடு திரும்புகின்றாள். அவளுக்குத் தெரிந்த உப்பும் பிள்ளை படித்த உப்பும் ஒன்றே என்று சொல்லிக் கொடுப்பார் எவருமிலர். இதுதான் மரக்காணத்துக் கடற்கரையில் நிகழும் கல்வி. தமிழகமெங்கும் நிகழும் கல்வியும் இதுவே.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. தூத்துக்குடியும் திருமறைக்காடும் (வேதாரணியம்) போலவே தமிழகத்தில் பேரளவில் உப்பு விளையும் இடம். ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே இவ்வளங்களைக் கடந்து புதுச்சேரிக்கு விரைகின்றன. பிள்ளைகள் சாளரத்தின் வழியே வெண்குவியல்களைக் காண்கின்றனர்; ‘உப்பு, உப்பு’ என்று கூவுகின்றனர்; அவ்வளவில் பாடம் முடிகின்றது. வண்டி நிற்பதில்லை.

நிற்கவேண்டிய இடம் எது என்பதை ஆசிரியரேனும் அறிதல் வேண்டும். சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடற்செலவு நூல் தமிழகத்தின் கீழைக்கரைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்றைக் குறிக்கின்றது. பொதுகே என்பது 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கொள்வர். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் 2005-06இல் இங்கே அகழாய்வு செய்தது. ஊருக்குள் சோழர் காலக் கல்வெட்டுகளோடு பூமீசுவரர் கோயில் நிற்கின்றது. வடக்கே சென்றால் ஆலம்பரைக் கோட்டை. உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறிய அத்துறை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டு வரலாறு ஒருநாள் நடைக்குள் அடங்கிக் கிடக்கும் ஊர் இது. இங்குள்ள சிறப்பு மற்றொன்று. கோட்டை இடிந்தது; துறை தூர்ந்தது; ஆனால் உப்பு விளைக்கும் தொழில் இன்றும் உயிரோடிருக்கின்றது. பழமையை இங்கே கண்ணாடிப் பேழைக்குள் தேட வேண்டுவதில்லை, பாத்தியிலேயே காணலாம்.

பழமையைக் கண்ணால் மட்டும் காட்டாமல் கையாலும் கற்பிக்கும் முறை புதிதன்று. தென்மார்க்கு நாட்டில் இலெய்ரே என்னும் இடத்தில் 1964இல் தொடங்கப்பெற்ற ஆய்வு நடுவத்தில் பள்ளிப் பிள்ளைகள் பழங்கால வீடுகளில் தங்கி, கூலம் அரைத்து, அடுப்பு மூட்டி, முன்னோர் வாழ்வைத் தம் கைகளால் அறிகின்றனர். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்கிணசித்திராவில் பிள்ளைகள் மண் பிசைந்து பானை வனைகின்றனர். பெயர் வடமொழியாயினும் பணி நன்று. இவ்வளவு பொருள் தேவையில்லை என்பதற்கும் சான்று தமிழகத்திலேயே உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் 2010இல் தொடங்கிய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்து மாணவர் பழந்தமிழ் எழுத்தைப் படிக்கவும், கல்வெட்டைப் படியெடுக்கவும், பானை ஓட்டை இனங்காணவும் பழகினர். மாளிகை கட்டப்படவில்லை, ஆசிரியரின் ஊக்கமும் பிள்ளைகளின் கண்ணும் கையும் போதுமாயிருந்தன.

அதே முறையை மரக்காணத்தில் எண்ணிப் பார்க்க. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து, பாத்திகள் சீராகி, வெயில் கடுமையாகுமுன் ஒரு காலைப்பொழுது போதும். பிள்ளைகள் பத்து இலிட்டர் கடல்நீரை அளந்து அகன்ற தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைக்கட்டும். நாள்தோறும் நீர் குறைவதைக் குறித்து வரட்டும். நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் அளவில் முதலில் படிவது உப்பன்று, சிப்சம். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். ஒரு தட்டை முற்றக் காயவிட்டு அவ்வுப்பை நாவில் வைத்துப் பார்க்கட்டும், கைக்கும். மகனீசிய உப்புகள் கடைசி நீரில் தங்குவதே அக்கைப்புக்குக் கரணியம். உப்பளத்துத் தொழிலாளி ஏன் கடைசி நீரை வடித்துவிடுகின்றார் என்பது அப்போது விளங்கும். எழுத்தறியாதவர் என்று ஊர் சொல்லும் அவர், வேதியியல் நூலுக்கு முன்பே அதனை அறிந்தவர் என்பதும் விளங்கும். இலிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்னும் பாடநூற் கணக்கு அதன்பின் மறக்காது.

அடுத்த நாள் பூமீசுவரர் கோயில். கல்லின்மேல் மையிடவோ சுரண்டவோ கூடாது. அதற்குத் துறையின் ஒப்புதல் வேண்டும். ஆனால் எழுத்தெழுத்தாகக் கண்டு தாளில் வரைந்து கொள்வதை எவரும் தடுப்பதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ‘க’வையும் ‘த’வையும் தன் கையால் வரைந்த பிள்ளைக்குத் தமிழின் தொன்மை மேடைப் பேச்சாகத் தோன்றாது, தன் விரல் கண்ட உண்மையாகவே தோன்றும்.

மூன்றாவது பாடம் சொல். உப்பு விளையும் நிலம் அளம், விளைப்பவர் அளவர், வண்டியிலேற்றி உள்நாடு சென்று விற்றவர் உமணர். சம்பு என்னும் நெல்லும் அளம் என்னும் உப்பும் ஊதியமாகக் கொடுக்கப்பட்டதால் ‘சம்பளம்’ என்னும் சொல் பிறந்தது என்று பாவாணர் விளக்கினார். கூலத்தால் கொடுத்தது கூலி. இலத்தீனில் உப்பைக் குறித்த ‘சால்’ என்னும் சொல்லடியாகவே ஆங்கிலச் ‘சாலரி’யும் வந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காட்டலாம். பிள்ளைகள் தாளும் எழுதுகோலும் கொண்டு அளத்துப் பெரியோரிடம் சென்று, ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பாத்திக்கும் உப்பின் ஒவ்வொரு நிலைக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதட்டும். அகராதி ஏறாத சொற்கள் அங்கே எத்தனையோ! தொழில் பொறிமயமாகும் நாளில் அச்சொற்களும் அழியும். அவற்றைக் காக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியதன்று.

இவ்விடத்தில் ஓர் எதிர்ப்புக் குரல் எழும்; எழுவதும் முறையே. ‘உப்பளத்தான் பிள்ளையை உப்பளத்துக்கே அனுப்பும் சூழ்ச்சியா இது?’ என்று கேட்பர். தமிழர் இவ்வச்சத்தை மறக்கலாகாது. 1953இல் இராசாசி கொண்டுவந்த திட்டம் சிற்றூர்ப் பிள்ளைகளை அரைநாள் பள்ளியிலும் அரைநாள் தந்தையின் தொழிலிலும் இருத்த முயன்றது. குலக்கல்வி என்று தமிழகம் அதனைக் கண்டித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதற்கு இடம் விட்டது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் பையின்றித் தச்சர், குயவர் போன்றோரிடம் பயில வேண்டும் என்கின்றது. வாயில் திறந்திருக்கும்போது எவர் நுழைவார் என்று காவல் செய்வது அறிவுடைமை.

எனவே வரம்பு மூன்று வேண்டும். முதலாவது, அளத்துக்குச் செல்வது அளத்தொழிலாளியின் பிள்ளை மட்டுமன்று; வணிகர் பிள்ளையும் அலுவலர் பிள்ளையும் திண்டிவனத்துப் பிள்ளையும் சென்னைப் பிள்ளையும் செல்ல வேண்டும். எல்லாரும் கற்பின் அது கல்வி. ஒரு குலத்தான் மட்டும் கற்பின் அது விலங்கு. இரண்டாவது, அங்கே பிள்ளை கற்பது உழைப்பன்று, அறிவு. ஒரு கூடை உப்பேனும் அப்பிள்ளையின் கையால் விற்பனைக்குச் செல்லலாகாது. மூன்றாவது, அன்று ஆசான் அளத்தொழிலாளியே. அவருக்கு ஆசிரியர்க்குரிய மதிப்பும், இழந்த நாட்கூலியும் பள்ளி தர வேண்டும். தன் தாய் வகுப்பின் முன்நின்று பாடம் சொல்ல, அலுவலர் மகன் குறிப்பெடுப்பதைக் காணும் பிள்ளை அன்று தலைநிமிரும். அப்பிள்ளை நாளை மருத்துவராகட்டும், பொறிஞராகட்டும், தொல்லியலாராகட்டும். அளத்தை விட்டுப் போகும் உரிமை அதற்கு உண்டு. அளத்தை இழிவென்று எண்ணிப் போகும் நிலைமட்டும் வேண்டா.

இதற்குப் புதுச்சட்டம் தேவையில்லை; கோடிகள் தேவையில்லை. தலைமையாசிரியர் ஒருவர் துணிவும், அளத்துக்காரர் ஒருவர் இசைவும், தட்டும் துலாக்கோலும் குடிநீரும் தலைக்கு நிழலும் போதும். தை வரும்போது பாத்திகள் ஒளிரும். சுற்றுலாப் பேருந்தை அங்கே நிறுத்துக! பிள்ளைகளை இறக்கி நடத்துக! தன் நிலத்தைத் தொட்டறியாத கையால் தன் மொழியையும் காக்க இயலாது.