ஏழு கிலோப் பையில் அடங்காதவை

சென்ற ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியில் நடந்த ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு வந்தேன். அதுவே என் முதல் வெளிநாட்டுப் பயணம். தனியாக, இயன்றவரை குறைந்த செலவில் மேற்கொண்டது. ஹைதராபாத் திரும்பிய பின் எங்கள் துறையின் இளைய ஆய்வாளர்கள் மூவர் வெவ்வேறு நாள்களில் ஒரே கேள்வியைக் கேட்டனர்: “அக்கா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?” மூன்றாம் முறை விடை எழுதியபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இந்த விடை ஏன் ஒவ்வொரு முறையும் தனிப்பட்ட அறிமுகத்தின் வழியாகவே கிடைக்க வேண்டும்?

முதலில் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விமானக் கைப்பைக்குப் பல நிறுவனங்கள் ஏழு கிலோவை வரம்பாக வைத்துள்ளன. எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிட்டால் ரயில் மாறும்போதும் விடுதிப் படியேறும்போதும் பிறர் உதவி வேண்டியதில்லை. தடித்த கம்பளிச் சட்டை ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியத்தக்க மெல்லிய சட்டைகள் மூன்று மேல். விடுதியின் பொதுஅறைப் பெட்டிக்குச் சொந்தப் பூட்டு வேண்டும். நம் கைப்பேசி சார்ஜரின் மெல்லிய இருமுனைப் பிளக் அங்குப் பெரும்பாலும் பொருந்தும். மடிக்கணினியின் மும்முனைப் பிளக் பொருந்தாது. அதற்கு ஓர் அடாப்டர் தேவை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மருந்துகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வைத்துக்கொள்ளுங்கள். பருப்புப்பொடி போதும்; நெய்யையும் பால்கோவாவையும் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை.

இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. என்னை மூன்று மாதம் அலைக்கழித்தது பையன்று, கோப்பு. அழைப்புக் கடிதம், துறையின் தடையின்மைச் சான்று, வங்கிக் கணக்கறிக்கை, தங்குமிட முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு என அது நீளும். இத்தாள்களுள் பெரும்பகுதி மெய்ப்பிக்க வேண்டியது ஒன்றே: நான் திரும்பி வந்துவிடுவேன் என்பது. குறைவாகச் சுமந்து செல்லுங்கள் என்று பயண நூல்கள் கூறும் அறிவுரை, வேறு கடவுச்சீட்டு உடையோரை எண்ணி எழுதப்பட்டது.

2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அது மாதந்தோறும் வந்தால் திட்டமிடலாம். பல மாதத் தொகை ஒரே தவணையாக வருவதை நம்மில் பலர் அறிவோம். அப்போது கணக்கறிக்கையில் சில மாத வெறுமையும் திடீரென ஒரு பெருந்தொகையும் தெரியும். யாரோ கடன் கொடுத்து நிரப்பிய கணக்கு என்று விசா அலுவலர் ஐயுற்றால் அவரைக் குறைசொல்ல முடியாது. உதவித்தொகை வரும் முறையை விளக்கித் துறைத்தலைவர் ஒப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் இந்த ஐயத்தைத் தீர்க்க உதவும். எனக்கு அதை ஒரு மூத்த ஆய்வாளர் தேநீர்க் கடையில் தற்செயலாகச் சொன்னார். அன்று நான் அங்குப் போகாதிருந்தால்?

போகாததால் இழந்ததும் உண்டு. 2024 ஜூன் முதல் ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. ஆனால் ஆய்வுக் கருத்தரங்குக்குச் செல்லும் ஆய்வாளர்களுக்கு அக்கட்டணத்தில் விலக்களிக்கும் பிரிவு அவ்விசா விதிகளிலேயே இருக்கிறது. என் நிலை அதன் வரையறைக்குள் வருமா என்று தூதரகத்திடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கலாம் என்பதே தெரியாமல் முழுத்தொகையும் செலுத்தினேன். பயண நல்கையோ, திரும்பி வந்து ரசீதுகளை ஒப்படைத்த பின்னரே கைக்கு வந்தது. அதுவரை பொறுத்திருந்தவை அடகுக் கடையில் என் அம்மாவின் இரண்டு வளையல்கள்.

2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கான ஷெங்கன் விசா முறை தளர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர், இரண்டு ஆண்டுகளுக்குப் பலமுறை சென்றுவரும் விசாவைப் பெறலாம். நல்ல மாற்றம்தான். ஆயினும் அது ஏற்கெனவே சென்று வந்தவர்க்கே வழியை எளிதாக்குகிறது. முதல் பயணத்தின் வாயிற்படி அதே உயரத்தில்தான் நிற்கிறது. வீட்டில் யாரேனும் முன்பே சென்றிருந்தால் அப்படியைக் கடக்கும் வித்தை உணவு மேசையிலேயே கிடைத்துவிடும். முதல் தலைமுறை ஆய்வாளருக்கு அது கிடைப்பதில்லை. தம் கட்டுரை ஏற்கப்பட்ட மின்னஞ்சலை அவர் யாரிடமும் காட்டாமல் மூடிவிடுகிறார்.

முதிர்ந்த ஆய்வாளர்கள் இதையெல்லாம் தாமே கற்றுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். நான் தங்கிய இளைஞர் விடுதியின் வரலாறே அதற்கு மறுமொழி. ரிச்சர்டு ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் சென்றபோது புயல்மழையில் சிக்கி, ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழித்தார். வசதியற்ற மாணவர்களும் ஊர் காணத் தங்குமிடங்கள் வேண்டும் என்ற எண்ணம் அங்குதான் பிறந்தது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் விடுதி திறக்கப்பட்டது. சிக்கனப் பயணம் என்று நாம் தனிமனிதத் திறமையாகக் கொண்டாடுவதற்குப் பின்னால், ஓர் ஆசிரியர் தொடங்கிவைத்த பொது ஏற்பாடு இருக்கிறது.

நம் துறைகளும் அவ்வாறு சிலவற்றைச் செய்யலாம். ஆய்வுநெறி வகுப்பில் மேற்கோள் காட்டும் முறையைக் கற்பிக்கிறோம். அதனோடு விசா விண்ணப்பத்துக்கு இரண்டு மணிநேரம் ஒதுக்கலாம். தடையின்மைச் சான்று, உதவித்தொகை விளக்கக் கடிதம் ஆகியவற்றின் மாதிரிகளை அலுவலகத்தில் ஆயத்தமாக வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்கையில் ஒரு பகுதியையேனும் புறப்படும் முன் வழங்கலாம். முதல் இரண்டுக்கும் பணம் தேவையில்லை. மூன்றாவதற்குப் புதிதாகப் பணம் தேவையில்லை.

மூன்று முறை எழுதிய விடையைத் தொகுத்து, செலவு ஒவ்வொன்றையும் யூரோவில் குறித்து, எங்கள் துறையின் பொதுக் கோப்புறையில் வைத்துவிட்டேன். கட்டணங்களும் விதிகளும் மாறும். அடுத்துச் செல்பவர் அதைத் திருத்தி வைக்கட்டும். உங்கள் துறையில் இதுவரை சென்று வந்தவர் நீங்கள் ஒருவரே என்றால், அங்கே அந்தப் பட்டியலை எழுத வேண்டியவர் நீங்கள்தான்.