ஊசி மருந்து பில்லில் பதிவெண் வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

சிகாமட் வட்டாரத்தில் நோயாளிகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் தன்னார்வக் குழு நாங்கள். தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் தரும் பில்லில், போட்ட ஒவ்வோர் ஊசி மருந்துக்கும் அதன் மலேசியப் பதிவெண் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

2025 மே 1 முதல் தனியார் மருத்துவமனை, கிளினிக், மருந்தகங்களில் மருந்து விலையைக் காட்சிக்கு வைப்பது கட்டாயம். வரவேற்கிறோம். ஆனால் மூவாருக்கோ மலாக்காவுக்கோ அவசரமாக நோயாளியைக் கொண்டுபோகும் குடும்பம் விலைப்பட்டியலைப் படிப்பதில்லை. கடைசியில் பில்லைத்தான் பார்க்கிறது. அதில் மருத்துவமனையின் உள்குறியீடு மட்டும் இருந்தால், போட்டது மூல பிராண்டா ஜெனரிக்கா என்று தெரியாது.

செஃப்ட்ரியாக்சோனை எடுத்துக்கொள்வோம். ரோஷ் நிறுவனத்தின் ரோசெஃபின் மூல பிராண்டு. ஜெனரிக்குகள் பல உண்டு. அமெரிக்காவில் அனைத்துக்கும் ஜே0696 என்ற ஒரே குறியீடு. 250 மில்லிகிராம் ஓர் அலகு. ஒரு கிராம் போட்டால் 4 அலகு என்று பதிவாகும். யாருடைய மருந்து என்பதை அந்தக் குறியீடு காட்டாது. உயிரியல் மருந்துகளின் ஒத்த வடிவங்களான பயோசிமிலர்களையும் அங்கே இப்படியே ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். 2018இல் அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் அதைக் கைவிட்டுத் தனித்தனிக் குறியீட்டுக்கு மாறியது.

நமக்குப் புதிய குறியீடே தேவையில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் பதிவு செய்யும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் தனி எண் உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் எவரும் அதைத் தேடிப் பார்க்கலாம்.

எங்கள் கோரிக்கைகள்:

1. பொதுப்பெயர், பிராண்டு, பதிவெண், அளவு, அலகு விலை ஆகியவை பில்லில் வேண்டும். சிறப்பு அனுமதியில் தருவித்த, பதிவாகாத மருந்தென்றால் அதையும் குறிப்பிட வேண்டும்.

2. சிரிஞ்சு, ஊசி போடும் கட்டணம் தனி வரியில் வர வேண்டும்.

3. குப்பியில் ஒரு பகுதியே பயன்பட்டால், பயன்பட்ட அளவும் கட்டணம் கேட்கும் அளவும் தெரிய வேண்டும்.

ஜெனரிக்கையே போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இஸ்கந்தார் புத்ரியில் பயோகான் தயாரிக்கும் இன்சுலின் உட்பட, எந்த உயிரியல் மருந்துக்கும் மாறுவது மருத்துவரின் முடிவு. கிளினிக் மருத்துவர்களின் ஆலோசனைக் கட்டணம் நெடுங்காலம் 10 முதல் 35 ரிங்கிட்டுக்குள் கட்டுண்டு கிடந்தது என்ற அவர்களது குறையும் நியாயமானதே. அவர்களுக்கு உரிய கட்டணத்தை வெளிப்படையாகக் கொடுப்போம்; மருந்து விலைக்குள் அதைத் தேட வைக்க வேண்டாம்.

சுகாதார அமைச்சு 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் இதை விதியாக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் தொடங்கி, சிறு கிளினிக்குகளுக்குக் கால அவகாசம் தரலாம்.