மழைச் சேற்றில் திணறும் 'சின்ன யானை': பின்னால் ஏற்ற வேண்டியது மணலையா, ஆளையா?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், கடலூர், சிதம்பரம் வட்டார மினி லாரி ஓட்டுநர்களுக்குச் சோதனைக் காலம்தான். உர மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி, வயலோர மண் பாதையில் சிக்கிக்கொள்ளும். சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

'சின்ன யானை' என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ், 2005-ல் அறிமுகமானது. இதில் இன்ஜினின் விசை பின் சக்கரங்களுக்குத்தான் போகிறது. லோடு இல்லாதபோது அந்தச் சக்கரங்களை அழுத்தப் போதிய எடை இருக்காது. அதனால் பிடிமானமும் குறைகிறது. அமெரிக்காவில் பிக்கப் ஓட்டுபவர்கள் பனிக்காலத்தில் மணல் மூட்டை ஏற்றிக்கொள்வது இதற்காகத்தான்.

நம் ஊரிலோ, "பின்னால ரெண்டு பேர் ஏறி நில்லுங்கப்பா" என்பார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சக்கரத்துக்குப் பிடி கிடைத்ததும் வண்டி சட்டெனப் பாயும். நிற்பவர் தூக்கி வீசப்படலாம். சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவது சட்ட விரோதமும்கூட.

மணல் மூட்டையே பாதுகாப்பானது. ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்:

* மூட்டைகளைப் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே வையுங்கள். பின் கதவை ஒட்டி அடுக்கினால் முன்பக்கம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி தளரும்.

* கயிற்றால் இறுகக் கட்டுங்கள். பிரேக் போட்டால் மூட்டை முன்னால் பாயும்.

* எடை கூடியதால் வண்டி சீக்கிரம் நின்றுவிடாது. மெதுவாகவே ஓட்டுங்கள்.

* அடுத்த லோடு ஏற்றும் முன் மூட்டைகளை இறக்கிவிடுங்கள்.

டயர் வழுக்கையாகியிருந்தால் எத்தனை மூட்டை வைத்தும் பலனில்லை. சாலைக்கு மேல் வெள்ளம் ஓடினால், மணலை நம்பி இறங்காமல் வண்டியைத் திருப்பிவிடுவதே நல்லது.