இழந்த ஆட்டமும் எடுத்த முத்தும்

கொற்கை என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சில் முதலில் தோன்றுவது முத்து. பாண்டியரின் பெருந்துறையாக விளங்கிய அவ்வூர், பொருநை கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப் போக, இன்று வயல்களுக்கு நடுவே சிற்றூராக அமைந்திருக்கிறது. துறைமுகம் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது. முத்துக்குளிப்பும் 1960களின் தொடக்கத்தோடு நின்று போயிற்று. ஆயினும் அத்தொழில் விட்டுச் சென்ற பாடம் ஒன்று இக்கரையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. குளிப்பவன் கடலடியில் இருக்கும்போது அவனது உயிர், தோணியில் கயிறு பிடித்திருப்பவனின் கையில் இருக்கிறது. அதனாலேயே மனைவியின் உடன்பிறந்தானைக் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். திறமை முத்தை எடுக்கும். எடுத்தவனைக் கரை சேர்ப்பது நம்பிக்கை.

விளையாட்டைப் பற்றி எழுத வந்தவர்கள் முத்துக்குளிப்பில் தொடங்குவானேன் என்று வாசகர் வினவலாம். விளையாட்டிலும் திறமை ஒன்று, நம்பத்தகுந்த பண்பு மற்றொன்று என்பதே நாம் சொல்ல வந்த கருத்து. ஒரு வீரர் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்தபின் அவரைப் போற்றுவோர் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஓட்டக் கணக்கைப் புத்தகம் நினைவில் வைக்கிறது. மனிதரையோ மனம் நினைவில் வைக்கிறது.

குண்டப்பா விசுவநாத்தை எடுத்துக்கொள்வோம். 1949இல் கருநாடகத்துப் பத்ராவதியில் பிறந்தவர், குள்ளமான உருவம், மணிக்கட்டின் அசைவிலேயே பந்தை எல்லைக்கு அனுப்பும் நயம். 1969இல் கான்பூரில் தம் முதல் டெஸ்டில் முதல் முறை ஓட்டமேதும் எடுக்காமல் வெளியேறியவர், மறுமுறை 137 ஓட்டங்கள் குவித்தார். 91 டெஸ்டுகள், 6080 ஓட்டங்கள், 14 சதங்கள். அவர் சதமடித்த எந்த டெஸ்டிலும் இந்தியா தோற்றதில்லை. பிறந்த மண் கருநாடகமாயினும் சேப்பாக்கம் அவரைத் தன் மகனாகவே கொண்டாடியது. 1975 சனவரியில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்சு ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்த நாளில், அணி எடுத்த 190இல் 97 ஓட்டங்கள் அவருடையவை. கடைசி வீரராக வந்த சந்திரசேகர் வெளியேறியதால் சதத்துக்கு மூன்று ஓட்டம் குறைந்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். அந்த 97ஐ அவருடைய சதங்கள் பலவற்றுக்கும் மேலாக நினைப்போர் இன்றும் உளர். 1982இல் அவருடைய டெஸ்டு வாழ்வின் உச்சமான 222 ஓட்டங்கள் எடுக்கப்பட்டதும் அதே சேப்பாக்கத்தில்தான்.

அந்நாளில் நம் ஊர்களில் தொலைக்காட்சி ஏது? தேநீர்க் கடை வானொலியைச் சுற்றிச் செவி சாய்த்து நின்ற கூட்டமே அரங்கம். பின்னாளில் நம் மாவட்டத்துச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் நேர்முக வருணனை வானொலியில் ஒலித்தபோது, கிரிக்கெட்டைத் தமிழிலேயே பருகும் பேறு வாய்த்தது. 2020இல் மறைந்த அப்பெரியாரின் குரல் இன்னும் நம் காதுகளில் நிற்கிறது. கண்ணால் கண்டவற்றை விடக் காதால் கேட்டுக் கற்பனையில் கண்ட வீரர்களே அத்தலைமுறைக்கு நெருங்கிய உறவினராயினர்.

இனி, விசுவநாத்தை மறக்க இயலாதவராக்கிய நிகழ்ச்சிக்கு வருவோம். 1980 பிப்ரவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவையொட்டிப் பம்பாயில் இங்கிலாந்துடன் ஒரு டெஸ்டு நடைபெற்றது. இந்தியாவின் தலைவர் விசுவநாத். நம்மவர் எடுத்தவை 242 ஓட்டங்கள். இங்கிலாந்தோ 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. போத்தமும் விக்கெட் கீப்பர் பாபு டெய்லரும் களத்தில் நின்றனர். கபில்தேவின் பந்தில் டெய்லர் பின்புறம் பிடி கொடுத்தார் என்று முறையீடு எழுந்தது. நடுவர் அனுமந்தராவ் விரலை உயர்த்தினார். டெய்லர் தயங்கி நின்றார். முதல் சிலிப்பில் நின்ற விசுவநாத்துக்கு, பந்து மட்டையில் படவில்லை என்பது தெளிவாயிருந்தது. அவர் நடுவரிடம் சென்று பேசி, டெய்லரைத் தொடர்ந்து ஆடச் செய்தார்.

விளைவு என்ன? போத்தமும் டெய்லரும் இணைந்து 171 ஓட்டங்கள் சேர்த்தனர். இங்கிலாந்து 296ஐ எட்டியது. மறுமுறை இந்தியா 149இல் சுருண்டது. பத்து விக்கெட்டுகளில் தோல்வி. விசுவநாத் நாட்டுக்குத் தலைமை தாங்கிய டெஸ்டுகள் இரண்டே. இதுவே இரண்டாவதும் கடைசியும்.

இங்கே எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். 'நடுவர் தீர்ப்பு வழங்கிவிட்டார். அதை மாற்றத் தலைவர் யார்? வெற்றி அவருடைய சொந்தச் சொத்தா, தாமாக எடுத்து வழங்குவதற்கு? பதினொரு பேரின் உழைப்பையும் கோடிக்கணக்கானோரின் எதிர்பார்ப்பையும் ஒருவர் தம் நற்பெயருக்காகப் பணயம் வைக்கலாமா?' இவ்வாதத்தை எள்ளி ஒதுக்க இயலாது. போத்தம் அந்த ஆட்டத்தில் சதமும் பதின்மூன்று விக்கெட்டுகளும் கண்டார் என்பது உண்மை. ஆனால் டெய்லர் மீண்டு நின்றதால் நமக்கு இழப்பில்லை என்று சொல்வதும் உண்மையாகாது. இழப்பு இருந்தது, பெரிதாகவே இருந்தது.

ஆயினும் நாம் விசுவநாத்தின் பக்கமே நிற்கிறோம். காரணம் எளிது. முறையீடு என்பது ஓர் அணி தன் வாயால் சொல்லும் சாட்சி. அச்சாட்சி பொய்யென்று அறிந்தபின்னும் அதன் பயனைத் துய்ப்பது, எடைக்கல் குறைந்ததென்று தெரிந்தும் வாணிகம் செய்வதற்கு ஒப்பாகும். நடுவரின் இசைவோடு முறையீட்டைத் திரும்பப் பெறும் உரிமையை ஆட்டவிதியே அணித்தலைவருக்கு அளித்திருக்கிறது. எனவே அவர் நாட்டின் பொருள் எதையும் வாரி வழங்கிவிடவில்லை. நமக்கு உரியதல்லாத ஒன்றை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவே. கயிறு பிடித்தவன் கடலடியில் இருப்பவன் வேற்றூரான் என்பதற்காகக் கையைத் தளர்த்துவதில்லை.

2011இல் நாட்டிங்காமில் தேநீர் இடைவேளை வந்துவிட்டதென்று எண்ணிக் கோட்டை விட்டு நடந்த இங்கிலாந்தின் இயான் பெல், விதிப்படி ஆட்டமிழந்தார். இடைவேளையின்போது தோனி அந்த முறையீட்டைத் திரும்பப் பெற்று அவரை மீண்டும் ஆட அழைத்தார். அந்த ஆட்டத்திலும் இந்தியா தோற்றது. நல்ல செயலுக்குக் கூலியாக வெற்றி வந்தே தீரும் என்று நாம் இளைஞருக்குக் கதை சொல்லக் கூடாது. கூலி வராதபோதும் செய்வதற்கே பண்பு என்று பெயர்.

கடல் கடந்தும் ஒரு சான்று காண்போம். அமெரிக்கர் போற்றும் பேசுபால் ஆட்டத்தில் இராபர்ட்டோ கிளமெண்டே என்றொரு வீரர் இருந்தார். போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். 1972ஆம் ஆண்டின் இறுதியில் நிக்கராகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தால் சிதைந்தது. துயருற்றோர்க்கு உதவிப்பொருள் ஏற்றிக்கொண்டு டிசம்பர் 31 அன்று விமானத்தில் தாமே புறப்பட்டார்; விமானம் கடலில் வீழ்ந்தது. அவர் அடித்த வெற்றியடிகள் சரியாக மூவாயிரம். ஆனால் ஆண்டுதோறும் அவர் பெயரால் வழங்கப்பெறும் விருது, பண்பாலும் மக்கள் தொண்டாலும் சிறந்த வீரருக்கே உரியது.

வீரருக்கு வேண்டிய பண்பு காண்போருக்கும் வேண்டும். 1999 சனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் பாகிசுத்தானுக்கு எதிராக 271 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி இந்தியா போராடியது. முதுகுவலியோடு ஆடிய சச்சின் 136 ஓட்டங்களில் வெளியேறியபோது தேவைப்பட்டவை பதினேழே. எஞ்சிய விக்கெட்டுகள் சரிந்தன; பன்னிரண்டு ஓட்டங்களில் தோல்வி. நெஞ்சு உடைந்த அந்த நொடியில் அரங்கம் எழுந்து நின்று வென்றவர்க்குக் கரவொலி எழுப்பியது. வாசிம் அக்ரமின் அணி அக்கரவொலியினூடே மைதானத்தை வலம் வந்தது. தமிழ் மண்ணின் பெருமைகளைப் பட்டியலிடுவோர் அந்த மாலையை விட்டுவிடலாகாது.

அதே கண்கள் 2021 அக்டோபரையும் கண்டன. துபாயில் பாகிசுத்தானிடம் இந்தியா தோற்ற இரவில், பதினொருவரும் சேர்ந்து தோற்றிருக்க, முகமது சமி என்ற ஒருவர் மீது மட்டும் அவர் சமயத்தைச் சுட்டிக் கைப்பேசிகள் நஞ்சைக் கக்கின. அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றது ஆறுதல். ஆனால் அந்த நஞ்சை எழுதியவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்களல்லர். தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொடுக்காமல் நாம் வளர்த்த பிள்ளைகளே அவர்கள்.

ஆகவே நம் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தரையில் பட்ட பந்தைப் பிடித்ததாகச் சாதிக்கும் மாணவனை, அணி வென்றது என்பதற்காக நாம் தோளில் தூக்குகிறோம். 'படவில்லை ஐயா' என்று உண்மை சொன்னவனை 'உனக்கு ஏன் இந்த வேலை?' என்று கடிந்துகொள்கிறோம். இவ்வழக்கம் மாறட்டும். ஆட்டப் பதிவேட்டில் ஓட்டங்களுக்குக் கீழே ஒரு வரி இடம் ஒதுக்குவோம்; அன்று நேர்மையாக நடந்தவர் பெயரை நடுவர் அதில் எழுதட்டும். ஆண்டு விழாவில் வென்ற அணிக்குரிய கோப்பைக்கு நிகரான கோப்பையை அவருக்கும் அளிப்போம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

கொற்கையின் கடல் விலகிவிட்டது. முத்துச் சிப்பிகளும் அருகிவிட்டன. ஆனால் ஒரு மாணவன் நடுவரின் விரலுக்குக் காத்திராமல், தான் ஆட்டமிழந்ததைத் தானே ஒப்புக்கொண்டு திரும்பும் போதெல்லாம் இக்கரையில் ஒரு முத்து எடுக்கப்படுகிறது. அதை விலைமதிக்கும் கண் நமக்கு வாய்க்கட்டும்.