திங்கட்கிழமை வந்த வம்பு!

இங்கிலாந்தில் "பாங்கி விடுமுறை" என்று ஒரு விடுமுறை உண்டு. பெயரைக் கேட்டால் பணக்காரர்களின் விடுமுறை போலத் தோன்றும். ஆனால் அதைப் பெரிதாகக் கொண்டாடியவர்கள் பாங்கியின் வாசற்படியைக்கூட மிதிக்காத ஏழைத் தொழிலாளர்கள்தான்!

அன்று குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குக் கிளம்புவார்கள். அதே நாளில் தெருவில் சண்டையும் நடக்கும். பெரும்பாலும் பெண்களுக்குள்தான்.

"பெண்கள் நாலு பேர் கூடினால் சண்டைதான்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது சரியல்ல. அந்தச் சண்டைக்குக் காரணம் பெண்கள் அல்ல, கிழமை!

எறும்பை ஆராய்ந்தவர்

இந்த விடுமுறையைக் கொண்டு வந்தவர் சர் ஜான் லப்பக். அவர் பாங்கி முதலாளி, பார்லிமெண்டு மெம்பர். எறும்பு, தேனீ இவற்றை ஆராய்ந்து புத்தகம் எழுதியவரும்கூட. ஓயாமல் உழைக்கும் எறும்பைப் பார்த்துக் கொண்டிருந்தவர், மனிதனுக்கு ஓய்வு வாங்கித் தந்தார் என்பது வேடிக்கைதான்!

1871-ம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது. ஈஸ்டருக்கு மறுநாள், பெந்தெகொஸ்தே திருநாளுக்கு மறுநாள், ஆகஸ்டு மாத முதல் திங்கள், கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஆக 4 நாட்கள் பாங்கிகளுக்கு விடுமுறை. பாங்கி மூடினால் வியாபாரம் ஓடாது. ஆகவே கடைகளும் தொழிற்சாலைகளும் மூடின. மகிழ்ந்துபோன ஜனங்கள் அந்த நாளுக்குப் "புனித லப்பக் திருநாள்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த 4 நாட்களில் மூன்று, தவறாமல் திங்கட்கிழமைகளில் வரும். அங்கேதான் வம்பு!

இங்கிலாந்தில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். ஞாயிறு தொழுகை நாள். அன்று துவைக்கக் கூடாது. ஞாயிறு சமைத்த இறைச்சியில் மிச்சம் இருக்கும். அதையே திங்களன்று ஆறியபடி சாப்பிட்டுவிட்டால் அடுப்பு வேலை குறையும். அந்த நேரத்தில் கொப்பரையில் வெந்நீர் காய்ச்சி, துணியை வேகவைத்து, தொட்டியில் கட்டையால் குத்தித் துவைத்து, உருளையில் பிழிந்து உலர்த்துவார்கள். பொழுது விடிந்தது முதல் சாயும் வரை இதே வேலை!

கயிறு யாருடையது?

லீட்ஸ் நகரத்தை எடுத்துக் கொள்ளலாம். கம்பளி ஆலைகளும் தையல் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். அங்கே தொழிலாளர்களின் வீடுகளை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினார்கள். இந்த வீட்டின் பின்சுவர்தான் அடுத்த தெரு வீட்டுக்கும் பின்சுவர். கொல்லைப்புறம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இங்கே கேட்கும். கக்கூசுகூடப் பல இடங்களில் சில வீடுகளுக்குப் பொது.

கொல்லை இல்லாத வீட்டில் துணி எங்கே காயும்? தெருவில்தான்! இந்த வீட்டுச் சுவரில் ஒரு கொக்கி, எதிர் வீட்டுச் சுவரில் ஒரு கொக்கி, குறுக்கே கயிறு. எதிர் வீட்டுக்காரியின் தயவு இல்லாமல் ஒரு சட்டைகூட உலராது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்தில் ஒரு விடுமுறைத் திங்களைப் பாருங்கள். ஒரு குடும்பம் வாரந்தோறும் சில பென்னிகள் சேர்த்து வைத்திருக்கிறது. சலுகை ரெயிலில் சுமார் 65 மைல் தூரத்தில் உள்ள ஸ்கார்பரோ கடற்கரைக்குப் புறப்படுகிறது. எதிர் வீட்டுக்காரரால் முடியவில்லை. விடுமுறை என்றால் அன்று கூலி இல்லை என்பதுதான் பலருடைய நிலை. போகாத வீட்டுக்காரி வழக்கம்போல் துவைக்கிறாள். அன்று ஆலைப்புகை குறைவு. வெள்ளைத் துணியில் கரி விழாது. இருக்கிற போர்வைகளை எல்லாம் தெருவுக்குக் குறுக்கே தொங்கவிடுகிறாள்.

புதுத் தொப்பியுடன் வெளியே வருகிறாள் போகிறவள். ஈரப் போர்வை முகத்தில் அடிக்கிறது!

"நல்ல நாளில்கூட அழுக்கு மூட்டையா?"

"தொப்பி வாங்கத் தெரிந்தவளுக்குக் குனிந்து போகத் தெரியாதோ?"

அவ்வளவுதான். குழாயடிச் சண்டை தோற்றுவிடும். ஆண்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். போர்வையா காரணம்? இல்லை. "நீ போகிறாய், நான் போகவில்லை" என்ற ஏக்கம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

போனவள் மட்டும் என்ன சுகம் கண்டாள்? விடியுமுன் எழுந்து ரொட்டியில் இறைச்சி வைத்துப் பொட்டலம் கட்டினாள். கடற்கரையில் எல்லோருடைய செருப்புக்கும் சட்டைக்கும் காவல் இருந்தாள். துவைக்காத துணி செவ்வாய்க்கிழமைக்காக வீட்டில் காத்திருந்தது. ஆலைக்கு விடுமுறை கிடைத்தது, கொப்பரைக்குக் கிடைக்கவில்லை!

சம்பளத்துடன் விடுமுறை தருவதற்கான சட்டம் 1938-ல் வந்தது. ஆகஸ்டு விடுமுறையை 1965-ல் மாதக் கடைசிக்கு மாற்றிப் பார்த்தார்கள்; 1971-ல் அதையே சட்டமாக்கினார்கள். 1978-ல் மே மாதத்தில் புதிதாக ஒரு நாள் சேர்ந்தது. எல்லாம் திங்கட்கிழமைதான்! துவைப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு கிழமை கிடைத்திருக்கும். கடைசியில் சலவை இயந்திரம் வந்துதான் அவள் கையைக் காப்பாற்றியது. பார்லிமெண்டு அல்ல.

முதுகொட்டிய வீடுகள் எத்தனையோ இடிக்கப்பட்டன. லீட்ஸில் இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. சில தெருக்களில் குறுக்கே கயிறும் ஆடுகிறது.

மிட்டாய்ச் சமாதானம்

அந்தக் காலச் சண்டை நெடுநாள் நீடிக்காது. நீடித்தால் கொக்கி போய்விடுமே! வாய்ச்சண்டை போட்டவளிடமே வீட்டுச் சாவியையும், வர இயலாத கிழவியையும் ஒப்படைத்துவிட்டு ரெயிலுக்கு ஓடுவார்கள். வேறு யாரிடம் கொடுப்பது?

இரவில் திரும்பும்போது குழந்தைகளின் கையில் கடற்கரை மிட்டாய் இருக்கும். நீளக் குச்சி போன்ற மிட்டாய். எங்கே ஒடித்தாலும் உள்ளே ஊரின் பெயர் தெரியும். அதில் ஒன்று எதிர் வீட்டுக் குழந்தைக்கு. கொடுப்பவளும் பேசமாட்டாள், குழந்தையின் தாயும் பேசமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் எதிர் வீட்டுக் கொக்கி காலியாக இருக்கும்.