செஞ்சியில் இராத் தங்கல்

மோட்டார் வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, ஸ்நான அறை எல்லாம் அமைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் நம் தேசத்திலும் தலைகாட்டியிருக்கிறது. சினிமாப் படப்பிடிப்பின் புண்ணியத்தில் 'கேரவன்' என்ற பெயர் தமிழ் மக்களுக்குப் புதிதல்ல. கேரள ஸர்க்கார் 2021-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பிரயாணிகளுக்கென்று தனித் திட்டம் வகுத்தார்கள். வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவருக்கு ஹோட்டல் தேவையில்லை. ஆனால் இரவில் வண்டியை நிறுத்தப் பத்திரமான இடம், நல்ல தண்ணீர், கழிவு நீரை விடுவதற்கு ஒரு வழி ஆகிய மூன்றும் இல்லாமல் முடியாது.

இம்மூன்றையும் செஞ்சியில் செம்மையாக அமைத்துத் தர வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். காரணத்தையும் சொல்லுகிறோம்.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. 1677-இல் சிவாஜி மகாராஜா கைப்பற்றிய கோட்டை இது. அவருடைய குமாரர் ராஜாராம் இங்கிருந்து அரசு செலுத்தினார். மொகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு, 1698-இல்தான் இதைப் பிடிக்க முடிந்தது. தேசிங்கு ராஜனின் பெயரைச் சொன்னாலே தமிழ்நாட்டில் செஞ்சி நினைவுக்கு வரும்.

இத்தனை பெருமை இருந்தும் நடப்பது என்ன? சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் கடந்து வருகிறவர், வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வந்து சேருகிறார். ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. பாதிப் படியிலேயே நாக்கு வறண்டு, "கோட்டையைப் பார்த்தாயிற்று" என்று இறங்கிவிடுகிறார். கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் தூரத்துத் தரிசனத்தோடு சரி. இரவுக்குத் திருவண்ணாமலையோ புதுச்சேரியோ போய்விடுகிறார். செஞ்சிக்குக் கிடைத்தது ஓர் இளநீரின் விலையும் கொஞ்சம் புழுதியுமே! அவரே ஓர் இரவு தங்கினால், விடியற்காலைக் குளிர்ச்சியில் மலை ஏறுவார். கல்யாண மஹாலையும் வேங்கடரமணர் கோயிலையும் நிதானமாகப் பார்ப்பார். பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் வறுத்த மணிலாக்கொட்டை விற்கும் அம்மாளுக்கும் நாலு காசு சேரும்.

வழிப்போக்கனுக்கு இராத்தங்க இடம் கொடுப்பது நமக்கு அயலார் கற்பித்த பாடமன்று. சிவாஜியின் குலத்தில் வந்த தஞ்சை மராட்டிய மன்னர்கள் சாலைகள் நெடுகச் சத்திரங்கள் வைத்திருந்தார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர், சகல ஜாதி யாத்திரிகருக்கும் அங்கே அன்னமிடுவதையும், நோயுற்றவருக்கு வைத்தியம் செய்வதையும் விவரித்து, அந்தத் தர்மங்களைக் காக்க வேண்டுமென்று 1801-இல் ஆங்கிலேய ரெஸிடெண்டுக்கு எழுதினார். அந்த வம்சத்தின் கோட்டைகளை உலகம் கௌரவித்துவிட்டது. அதன் சத்திரங்களை நாமாவது மறவாதிருக்கலாம் அல்லவா?

"கேரவனில் வருகிறவர் பணக்காரர், அவருக்குப் பொதுப் பணமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவரிடம் தாராளமாகக் கட்டணம் வாங்கட்டும். ஆனால் அதே மைதானமும் குழாயும் கழிப்பிடமும், பள்ளிப் பிள்ளைகள் வரும் பஸ்ஸுக்கும், அண்ணாமலையாரைத் தரிசிக்கச் செல்லும் ஏழைக் குடும்பத்தின் வேனுக்கும், கண் அயரும் லாரி டிரைவருக்கும் உதவும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தங்குமிடம் கோட்டை மதிலுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக இருக்க வேண்டும். கழிவு நீருக்குத் தக்க தொட்டி கட்டிய பிறகே முதல் வண்டியை அனுமதிக்க வேண்டும். பீரங்கிக்குத் தப்பிய செட்டிக்குளமும் சக்கரக்குளமும் விருந்தாளியின் சாக்கடைக்குப் பலியாகலாகாது.

பெரிய மாளிகை எதுவும் நாம் கேட்கவில்லை. விளக்கு, காவல், தண்ணீர், சுத்தம் ஆகிய நான்கும் போதும். ஜில்லா அதிகாரிகளும் செஞ்சிப் பிரமுகர்களும் மனம் வைத்தால் இது சுலபமாகக் கைகூடும் காரியந்தான்.